கொன்றவன் எந்தப் பக்கத்துக்காரன்?

சோமாலியா என்றதும் "அங்கே அரசாங்கமே கிடையாதே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். கால்கயோ நகரத்தில் அரசாங்கம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இரண்டு மேயர், இரண்டு போலீஸ், இரண்டு வரி ரசீது, இரண்டு விமான ஓடுதளம், இரண்டு கால்பந்து மைதானம். ஊரின் வடக்குப் பாதி புண்ட்லாந்து, தெற்குப் பாதி கல்முதுக். இரண்டுமே சோமாலியக் கூட்டாட்சியின் உறுப்பு மாநிலங்கள் என்று காகிதத்தில் இருக்கிறது. நடுவில் மதில் கிடையாது, முள்வேலி கிடையாது. ஒரு தெரு, சில காலி மனைகள், குண்டு துளைத்த சில கட்டடங்கள். அதற்குப் பெயர் பச்சைக் கோடு.

இதைக் கேட்டவுடன் அடுத்த முடிவுக்குத் தாவுவதும் வழக்கம்: ஒரே ஊரில் இரண்டு ஆட்சி என்றால் தினமும் சண்டைதான். அதுவும் சரியில்லை. 1991 தொடக்கத்தில் நடந்த படுகொலைகளுக்கும் அதைத் தொடர்ந்த சண்டைகளுக்கும் பிறகு, 1993 ஜூனில் தெற்குத் தரப்பின் ஜெனரல் முகமது ஃபரா அய்தீதும் வடக்குத் தரப்பின் அப்துல்லாஹி யூசுஃபும், கால்கயோ அடங்கிய முதுக் பகுதிக்காக ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அப்போது பிரிந்த கோடு, அவ்வப்போது துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும், இருபது வருடத்துக்கு மேல் பெரிய போர் வராமல் தடுத்தது. தலைநகர் மொகடிஷு தெருத்தெருவாக எரிந்த காலத்தில் கால்கயோவில் ஒட்டகச் சந்தை நடந்தது. புண்ட்லாந்து 1998இலும் கல்முதுக் 2006இலும் உருவானபோது, ஏற்கெனவே இருந்த கோட்டின் மீதுதான் இரண்டும் தங்கள் பலகைகளை நட்டன. கோடு முதலில் வந்தது, அரசுகள் பிறகு வந்தன. இந்த வரிசையை மறந்தால் அந்த ஊரில் நடப்பது எதுவும் புரியாது.

அப்படியானால் கோடு நல்லதா கெட்டதா? இந்தக் கேள்வி லேசில் அடங்குவதில்லை. என் கணக்கு இது: கோடு படைகளை நிறுத்தியது, கொலைகாரனுக்கு வழிவிட்டது. பெரிய சண்டையைத் தடுத்த அதே ஏற்பாடு, சிறிய கொலையைச் செய்தவன் யார் என்று தெரியாமல் போகவும் வசதி செய்து தந்தது. அப்படித் தெரியாமல் போன கொலைகள்தான் பிறகு பெரிய சண்டைக்கு விறகாயின.

கோட்டைத் தாண்டும் சரக்கு

முதலில் அன்றாடம். புண்ட்லாந்தின் போசாசோ துறைமுகத்தில் இறங்கும் அரிசியும் சர்க்கரையும் சிமெண்டும் அதன் தலைநகர் கரோவே வழியாகத் தெற்கே வந்து கால்கயோவை அடைகின்றன. சாலை அங்கே முடிவதில்லை. ஆனால் லாரியின் பயணம் பெரும்பாலும் அங்கே முடிந்துவிடும். வடக்கிலிருந்து வரும் ஓட்டுநர் பெரும்பாலும் மஜெர்தீன் குலத்தவர். தெற்கே இருப்பவர்கள் ஹபர் கிதிர் குலத்தின் ஸஅத் கிளை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய லாரியை ஒருவன் மறித்தால், அவருக்காகப் பேச அங்கே பெரியவர் யாரும் இல்லை. அதனால் சரக்கைத் தெற்கு லாரிக்கு மாற்றி ஏற்றுவார்கள், இல்லையென்றால் ஓட்டுநரை மாற்றுவார்கள். இதை ஒழுங்குபடுத்துகிறவர் 'திலால்'. நம் ஊர்ச் சந்தைகளில் தலால் என்கிறோமே, அதே அரபுச் சொல்தான், வேலையும் ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் விலை பேசுவதோடு அவர் பொறுப்பு முடிவதில்லை. அந்தப் பக்கம் சரக்கு காணாமல் போனால் யாரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்திலும் செலவு ஏறுகிறது. இறக்கு கூலி, ஏற்று கூலி, தரகு, காத்திருக்கும் நாளுக்கு வாடகை, கிழிந்த மூட்டையில் சிந்தியது. இதற்கு மேல் வரி. போசாசோவில் சுங்கம் கட்டிய ரசீது கல்முதுக் சாவடியில் செல்லாது. அங்கே நுழைவு வரி தனி. வழியில் நிற்கும் 'இஸ்பாரோ'க்கள் தனி. இத்தாலியர் விட்டுப்போன சொல் அது, குறுக்குக் கட்டை என்று பொருள். சில சாவடிகள் அரசின் பெயரில், சில ஒரு கிளையின் பெயரில், சில அன்றைக்கு மென்று போதையேற்றும் காட் இலை வாங்கக் காசில்லாத நாலு பேரின் பெயரில். கட்டணம் எவ்வளவு என்பதைவிட, கட்டிய பிறகு அடுத்த சாவடி வரை உயிருக்கும் சரக்குக்கும் உத்தரவாதம் உண்டா என்பதைத்தான் ஓட்டுநர் பார்க்கிறார். உத்தரவாதம் தரும் சாவடிக்கு முணுமுணுக்காமல் கொடுப்பார். கால்கயோ போன்ற ஊரில் சிக்கலே அந்த உத்தரவாதம் ஊர் நடுவில் அறுந்துபோவதுதான். இதனால்தான் இரு பக்கத்து வியாபாரிகளும் தங்களுக்கென்று கடல் வாசல் தேடுகிறார்கள். வடக்கே கரஅத் துறைமுகத்தை வியாபாரிகளே பங்கு போட்டுக் கட்டி 2022 அக்டோபரில் திறந்தார்கள். தெற்கே கடற்கரை ஊரான ஹோப்யோவை நம்பியிருக்கிறார்கள். ஒரே ஊரின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு துறைமுகம். வியாபாரக் கணக்கில் இது வீண் செலவு. பயத்தின் கணக்கில் நியாயமான முதலீடு.

பணமும் கோட்டை மதிக்கிறது. வடக்கே கோலிஸ் நிறுவனத்தின் சஹல், தெற்கே ஹொர்முத் நிறுவனத்தின் ஈவிசி ப்ளஸ். இரண்டுமே கைப்பேசியில் டாலர் அனுப்பும் வசதி. இரு பக்கமும் வியாபாரம் செய்கிறவர் இரண்டு சிம் வைத்திருக்கிறார். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு நம் நாட்டு மூன்று சக்கர வண்டி. கம்பெனிப் பெயரே வண்டிக்கும் பெயராகி, சோமாலியா முழுக்க அதை 'பஜாஜ்' என்றுதான் அழைக்கிறார்கள். பதற்றம் கூடிய நாட்களில் வடக்குப் பஜாஜ் கோடு வரைக்கும்தான். இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிக்க வேண்டும். நம்பர் பலகையும் ஓட்டுநர் முகமும் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மருத்துவத்தில் இந்தச் செலவு பச்சையாகத் தெரியும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இந்த ஒரே ஊரில் வடக்கே ஒரு மருத்துவமனையிலும் தெற்கே ஒன்றிலுமாக வேலை செய்தது. குண்டடி பட்டவனைக் கோடு தாண்டித் தூக்கிச் செல்ல உறவினர்கள் துணிய மாட்டார்கள் என்பதால் வேறு வழியில்லை. அறுவை சிகிச்சை அரங்கு இரண்டு, மருந்துக் கிடங்கு இரண்டு, ஊழியர் பட்டியல் இரண்டு. 2013 ஆகஸ்டில் அந்த அமைப்பு சோமாலியாவை விட்டே வெளியேறியபோது இரு பக்கமும் ஒரே நாளில் இழந்தன. 2017இல்தான் கால்கயோவுக்குத் திரும்பியது. பள்ளிக்கூடங்களிலும் இதே கதை. புண்ட்லாந்து தன் பாடத்திட்டத்தில் தானே தேர்வு நடத்துகிறது. தெற்குப் பிள்ளைகள் மொகடிஷு நடத்தும் கூட்டாட்சித் தேர்வை எழுதுகிறார்கள். கரோவேயும் மொகடிஷுவும் முறைத்துக்கொண்டால் யாருடைய சான்றிதழ் எங்கே செல்லும் என்ற கவலை வீட்டுக்கு வந்துவிடும். இதையெல்லாம் மீறி இரு பக்கத்துப் பெண்களோடும் வேலை செய்தவர் ஹவா ஆதன் முகமது. 1999இல் அவர் தொடங்கிய கல்வி மையத்துக்காக 2012இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சன் விருது கிடைத்தது.

நூறு ஒட்டகமும் ஒரு பெயரும்

இப்போது கொலைக்கு வருவோம். சோமாலியச் சமூகத்தில் கொலைக்கு ஒரு முறை இருக்கிறது. 'ஹேர்' என்பது எழுதப்படாத குலச் சட்டம். ஆண் கொல்லப்பட்டால் நூறு ஒட்டகம், பெண் என்றால் ஐம்பது. இந்த ரத்தப் பணத்துக்கு 'மாக்' என்று பெயர். இன்று பெரும்பாலும் காசாகக் கைமாறுகிறது. கட்டுவது கொலைகாரன் மட்டும் அல்ல, அவனுடைய மாக் குழு முழுதும். அதாவது ஒரு பாட்டன் வழி வந்த சில நூறு அல்லது சில ஆயிரம் ஆண்கள் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டுவார்கள். வாங்குவதும் அப்படியே பிரியும். உங்கள் குழுவில் ஒரு முரடன் இருந்தால் வருடாவருடம் உங்கள் பையிலிருந்து பணம் போகும். அதனால் அவனைக் கட்டிவைக்க வேண்டிய அக்கறை உங்களுக்கு உண்டு. போலீஸ் இல்லாத நாட்டில் போலீஸ் வேலை பார்த்தது இந்த அக்கறைதான்.

படிகள் தெளிவானவை. கொலை நடந்ததும் கொன்றவனின் பெரியவர்கள் முந்திக்கொண்டு ஆளனுப்ப வேண்டும். தாமதித்தால் பழிவாங்கல் முந்திக்கொள்ளும். முதலில் அடக்கத்துக்கான செலவைக் கொடுப்பார்கள். பிறகு சண்டை நிறுத்தம், இரு தரப்பு இளைஞர்களையும் பிரித்துவைத்தல். அதற்குப் பிறகுதான் மரத்தடியில் உட்கார்ந்து முழுத் தொகை பேசுவது. கோடு குறுக்கே இருந்தாலும் இது நடக்கும், நடந்தும் இருக்கிறது. கொலைகாரன் இருநூறு மீட்டர் ஓடி அடுத்த அரசின் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் போலீஸ் பின்தொடர முடியாது. ஆனால் பெரியவர்கள் பின்தொடரலாம், ஏனென்றால் அவன் பெயர் தெரியும், பெயர் தெரிந்தால் பாட்டன் பெயரும் தெரியும்.

இந்த இயந்திரம் முழுவதும் ஒரே ஓர் அச்சாணியில் சுழல்கிறது: செய்தவன் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். தொழுகை முடிந்து வெளியே வரும் ஒருவரை முகம் மூடிய இரண்டு பேர் கைத்துப்பாக்கியால் சுட்டுவிட்டுச் சந்துக்குள் மறைந்தால், எந்தக் குழுவிடம் நூறு ஒட்டகம் கேட்பது? வடக்கே கொலை நடந்தால் "தெற்கிலிருந்து வந்தார்கள்" என்பார்கள். தெற்கே நடந்தால் "வடக்கு அனுப்பியது" என்பார்கள். இரண்டு நிர்வாகத்துக்கும் இந்தப் பதில் வசதியானது, விசாரிக்க வேண்டிய வேலை மிச்சம். இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவான அல் ஷபாபுக்கு அதைவிட வசதி. கடத்தல்காரர்களும் இந்த மடிப்புக்குள்தான் தொழில் நடத்தினார்கள். 2011 அக்டோபரில் கண்ணிவெடி அகற்றும் அமைப்பின் இரண்டு வெளிநாட்டு ஊழியர்கள் தெற்குக் கால்கயோவில் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் கடத்தப்பட்டார்கள். மூன்று மாதம் கழித்து, 2012 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படை இரவில் இறங்கி மீட்டது. உள்ளூர் போலீஸ் இரண்டு இருந்தும் மீட்க வேற்று நாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது.

2016, மூன்று மாதங்கள்

ஆகஸ்டு 21 அன்று வடக்குக் கால்கயோவில் உள்ளாட்சி அலுவலகத்தின் மீது அல் ஷபாப் இரண்டு வாகனக் குண்டுகளை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர் ஏற்கெனவே சூடாக இருந்தது. முந்தைய ஆண்டு நவம்பரில் புண்ட்லாந்து போட்ட ஒரு சாலையை ஒட்டிச் சண்டை மூண்டு, பல்லாயிரம் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

செப்டம்பர் 28. கால்கயோவுக்கு வெளியே அமெரிக்க வான் தாக்குதல். பென்டகன் முதலில் சொன்னது இது: புண்ட்லாந்துத் தரப்புச் சிறப்புப் படை வெடிகுண்டு தயாரிக்கும் கும்பலைத் தேடிப் போனது, அதன் மீது அல் ஷபாப் சுட்டது, தற்காப்புக்காக அடித்தோம். கல்முதுக் வேறு சொன்னது: செத்தவர்கள் எங்கள் சிப்பாய்கள், புண்ட்லாந்து தவறான தகவல் கொடுத்து அமெரிக்கர்களை எங்கள் மேல் ஏவிவிட்டது. தெற்குக் கால்கயோவில் மக்கள் அமெரிக்கக் கொடியை எரித்தார்கள். நவம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆப்பிரிக்கக் கட்டளையகம் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. கொல்லப்பட்ட பத்துப் பேரும் காயம்பட்ட மூவரும் அல் ஷபாப் அல்ல, உள்ளூர்ப் படையினர் என்று ஒப்புக்கொண்டது.

இந்த நிகழ்ச்சியை வழக்கமாக அமெரிக்காவின் தவறு என்ற தலைப்பில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் கோட்டின் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். கொன்றவன் யார் என்று தெரியாத ஊரில், கொல்லப்பட வேண்டியவன் யார் என்பதையும் ஒரு பக்கத்துக்காரர் சொல்லைக் கேட்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. புதருக்குள் துப்பாக்கியோடு நிற்கும் பத்துப் பேர் கல்முதுக் சிப்பாய்களா, அல் ஷபாபா, ஒட்டகத்துக்குக் காவல் நிற்பவர்களா என்று பிரித்துச் சொல்ல அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவரால் ஒரு நிமிடத்தில் முடியும். அந்தச் சொந்தக்காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார். தகவல் கொடுத்தவர்கள் பொய் சொன்னார்களா, அவர்களுக்கே தெரியாதா என்பதில் கல்முதுக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. புண்ட்லாந்து மறுத்தது. இரண்டில் எது என்றாலும் விளைவு ஒன்றுதான்.

ஒன்பது நாளில் அடுத்தது. அக்டோபர் 7 அன்று கர்சூர் பகுதியில் புண்ட்லாந்தின் கட்டுமானத் திட்டம் ஒன்றை ஒட்டிச் சண்டை வெடித்தது. சாலை, கட்டடம் என்று ஏன் எப்போதும் கொத்தனார் வேலையில் போய்ப் போர் தொடங்குகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளங்காது. கோடு காகிதத்தில் அளந்து போட்டதல்ல. காலி மனைகள்தான் எல்லை. அங்கே அடித்தளம் போடும் ஆளுக்கு யார் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தார்களோ, மனை அவர்களுடையதாகிவிடும். ஒரு வண்டி செங்கல் இறங்கினால் எல்லைக்கல் நகர்ந்த மாதிரி. பொக்லைன் வந்தால் காவலுக்கு ஒரு சிப்பாய்க் கூட்டம் வரும். அதைப் பார்த்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து பின்புறம் பீரங்கித் துப்பாக்கி பொருத்திய பிக்கப் வண்டிகள் வந்து நிற்கும். மொட்டை மாடிகளில் ஆள் ஏறும். பிறகு யாருடைய விரல் முதலில் அசைந்தது என்பது கணக்கில்லை. அந்தச் சுற்றில் 75,000 பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பெரும் பங்கினர் ஏற்கெனவே வேறு ஊர்களிலிருந்து ஓடிவந்து முகாம்களில் இருந்தவர்கள். இந்தக் கோட்டில் அவர்களுக்கு எந்தப் பக்கமும் சொந்தமில்லை.

புண்ட்லாந்து அதிபர் அப்துவெலி காஸும் கல்முதுக் அதிபர் அப்துகரீம் குலெதும் அபுதாபியில் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். சில நாளில் அது உடைந்தது. இரண்டாவது தடவை, 2017 ஜனவரி தொடக்கத்தில், கால்கயோவுக்கே வந்து கையெழுத்திட்டார்கள். படைகளைப் பின்னால் இழுப்பது, தடுப்புகளை அகற்றுவது, இடம்பெயர்ந்தவர்களைத் திரும்ப விடுவது. இவை எந்த ஒப்பந்தத்திலும் இருப்பவை. அதைத் தொடர்ந்து வந்த ஓர் ஏற்பாடுதான் புதியது: இரு தரப்புப் போலீசாரும் சேர்ந்து ரோந்து போவது.

ஒரே வண்டியில் இரண்டு சீருடை

கேட்க எளிய விஷயம். ஆனால் மேலே சொன்ன அச்சாணியை நினைத்தால் இதன் அருமை புரியும். ரோந்தில் வடக்குக்காரரும் தெற்குக்காரரும் சேர்ந்து இருந்தால், சந்தில் நிற்கும் இளைஞனை இருவரில் ஒருவருக்கு அடையாளம் தெரியும். அவன் பெயர், அப்பன் பெயர், எந்த வீடு. ஓடினால் கோட்டில் நிற்க வேண்டியதில்லை, இருவரும் தாண்டலாம். சுட்டால் "அந்தப் பக்கத்துப் போலீஸ் எங்கள் பிள்ளையைச் சுட்டது" என்று எவராலும் கூட்டம் சேர்க்க முடியாது. வதந்திக்கும் அடி விழும். வெடிச்சத்தம் கேட்டால் இரண்டு நிலையங்களுக்கும் ஒரே செய்தி போகும். கால்கயோவில் சண்டைகள் பல, துப்பாக்கி வெடித்த பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில்தான் வளர்ந்திருக்கின்றன.

இது அல் ஷபாபை நிறுத்திவிடவில்லை. 2020 டிசம்பர் 18 அன்று பிரதமர் முகமது ஹுசைன் ரோப்லே வருவதற்குச் சற்று முன் தெற்குக் கால்கயோவின் அப்துல்லாஹி ஈஸே மைதானத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து ராணுவத் தளபதிகள் உட்படப் பலர் இறந்தார்கள். ஆனால் அந்தக் குண்டு வடக்கும் தெற்கும் மறுபடி சுட்டுக்கொள்ளும் சண்டையாக மாறவில்லை. 2016இல் மூன்று மாதத்தில் நடந்ததோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர் உதாரணம் வடக்கே லாஸ் அனோத் என்ற ஊர். அங்கே கோடு ஊரைப் பிளக்கவில்லை. முழு ஊரும் கைமாறியது. புண்ட்லாந்திடமிருந்து 2007 அக்டோபரில், தன்னைத் தனிநாடு என்று அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து அதைப் பிடித்தது. ஊர் மக்களான துல்பஹந்தே குலத்தவரில் பலர் சோமாலிலாந்தின் தனிநாட்டை ஏற்கவே இல்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதிகாரிகள், அரசியல்வாதிகள், ஊர்ப் பிரமுகர்கள் என்று ஒவ்வொருவராக முகம் தெரியாதவர்கள் கையால் செத்தார்கள். சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கேசா அல் ஷபாபைக் கைகாட்டியது. ஊர் ஹர்கேசாவைக் கைகாட்டியது. மாக் கேட்கப் பெயர் இல்லை, நம்பிப் புகார் கொடுக்கப் போலீஸ் இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் ஓர் எதிர்க்கட்சி அரசியல்வாதி சுட்டுக் கொல்லப்பட்டபோது ஊர் தெருவில் இறங்கியது. ஜனவரியில் சோமாலிலாந்துப் படை ஊரைவிட்டு வெளியேறியது. பிப்ரவரி 6 முதல் பீரங்கிச் சண்டை. ஊரின் பொது மருத்துவமனை மேலும் குண்டு விழுந்தது. லட்சத்துக்கு மேல் மக்கள் ஓடினார்கள். ஆகஸ்டு 25 அன்று கோஜஅதே படைத்தளத்தை உள்ளூர்ப் படை பிடித்த பிறகுதான் ஊர் அடங்கியது. அக்டோபரில் மொகடிஷு, ஊர்க்காரர்கள் அமைத்த நிர்வாகத்தை எஸ்எஸ்சி கதுமோ என்ற பெயரில் அங்கீகரித்தது. நில உரிமையும் தனிநாட்டுக் கனவும் அதில் கலந்திருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஊரைத் தெருவுக்கு இழுத்தது வரைபடமல்ல, துப்புத் துலங்காத கொலைகளின் வரிசை.

கால்கயோவுக்குத் திரும்பினால், கூட்டு ரோந்து போகும் வண்டிக்கு டீசல் போடுவது யார் என்பது சில்லறைக் கேள்வி அல்ல. வெளிநாட்டு உதவி வரும் வரை வண்டி ஓடும். கரோவேக்கும் மொகடிஷுவுக்கும் உறவு கெட்டால், 2024 மார்ச்சில் புண்ட்லாந்து கூட்டாட்சி அரசை ஏற்க மாட்டேன் என்று அறிவித்ததே அதுபோல, இரண்டு சீருடையும் ஒரே வண்டியில் உட்காருவதே மேலிடத்துக்கு உறுத்தலாகிவிடும். அப்படி ஒன்றும் ஆகாமல் ரோந்து தொடர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கோட்டின் மேல் ஒருவனைப் பிடித்தாயிற்று. வண்டியில் ஏற்றியாயிற்று. கூட்டு ரோந்து உண்டு, கூட்டு நீதிமன்றம் கிடையாது. அவனை எந்தப் பக்கத்து லாக்கப்பில் இறக்குவது? தெற்குக்காரன் வடக்கே கொன்றிருந்தால், வழக்கு வடக்கே என்றால் அவன் குலம் ஒப்பாது. தெற்கே என்றால் செத்தவரின் மனைவியும் கண்ணால் பார்த்த கடைக்காரரும் சாட்சி சொல்லக் கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். அவர்களை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பு இரண்டு காவல் நிலையங்களில் எதன் பதிவேட்டிலும் இல்லை.